ஷூஜி தெராயமா: மேடையை விட்டு இறங்கி அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டலாமா?

இரண்டாம்ஆட்டம்:

ஜப்பானிய இயக்குநர் ஷூஜி தெராயமாவைப் பற்றி இங்கே எழுதுகிற எல்லோரும் அவரைக் கலகக்காரர், மாயக்காரர் என்று கொண்டாடிவிட்டுப் போகிறார்கள். எதிர்த்தரப்பைப் பேச ஒருவராவது வேண்டாமா? நான் பேசுகிறேன். திட்டுவதானால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 1935இல் வட ஜப்பானின் ஆவோமோரி மாகாணத்தில் பிறந்தவர். பதினெட்டு வயதிலேயே கவிஞராகப் பெயர் வாங்கினார். அப்புறம் வானொலி நாடகம், மசாஹிரோ ஷினோதாவுக்கும் சுசுமு ஹானிக்கும் திரைக்கதை. 1967இல் 'தென்ஜோ சாஜிகி' என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். 1971இல் 'புத்தகங்களை வீசி எறி, தெருவுக்கு வா' படம், 1974இல் 'கிராமத்தில் சாவது'. நடுநடுவே குதிரைப் பந்தயப் பத்தி, குத்துச்சண்டைக் கட்டுரை என்று அவர் கை வைக்காத இடமே இல்லை. 1983இல் 47 வயதில் கல்லீரல் கெட்டு இறந்தார்.

என் வழக்கு இதுதான். இந்த மனிதருக்குத் தனக்கென்று ஒன்றும் கிடையாது. எல்லாம் அடுத்தவரிடமிருந்து கேட்காமல் எடுத்தது. 1954இல் டாங்கா என்ற ஐந்தடி ஜப்பானியக் கவிதைக்குப் பரிசு வாங்கிய கையோடு, வரிகள் மற்றவர்களின் ஹைக்கூவிலிருந்து வந்தவை என்று கண்டுபிடித்தார்கள். சுயசரிதை என்று எழுதியதில் ஓடும் ரயிலில் பிறந்தேன் என்கிறார், பிறந்ததோ ஹிரோசாகி ஊரில். 1975இல் 'நாக்' என்று ஒரு நாடகம் போட்டு, சம்பந்தமே இல்லாத ஜனங்களின் வீட்டுக் கதவைத் தட்டினார். வரியை எடுப்பவர் வாழ்க்கையை எடுத்தார், கடைசியில் வாசற்படியையும் எடுத்துக்கொண்டார். இதைத்தான் கலை என்று கொண்டாடுகிறோம்.

நெய்தல்:

வழக்கைக் கவிதையில் ஆரம்பித்ததால் நானும் அங்கேயே நிற்கிறேன். 'காப்பி அடித்தார்' என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை.

அவருடைய மிகப் பிரபலமான டாங்காவை எடுத்துக்கொள்வோம். தீக்குச்சி உரசும் ஒரு கணம், கடலில் அடர்ந்த மூடுபனி, உயிரைக் கொடுக்கத் தகுந்த தாய்நாடு என்று ஒன்று இருக்கிறதா? இவ்வளவுதான் கவிதை. ககியோ தொமிஸாவா என்ற ஹைக்கூ கவிஞருக்கு முன்பே இரண்டு வரிகள் உண்டு. ஒன்றில் ஒரு தீக்குச்சியை உரசினால் ஏரியில் மூடுபனி. இன்னொன்றில் கண்ணை மூடினால் நீலக் கடலுக்கு மேலே தாய்நாடு. இரண்டையும் சேர்த்துத் தைத்தால் தெராயமாவின் கவிதை வந்துவிடும் என்பதுதான் குற்றச்சாட்டு.

வருமா? தொமிஸாவா போர்முனைக்குப் போய் வந்தவர். அவருக்குத் தாய்நாடு கண்ணை மூடியதும் தெரிகிற ஒரு காட்சி. தெராயமாவின் அப்பா போலீஸ்காரர், போருக்கு இழுத்துப் போகப்பட்டு 1945இல் செலபீஸ் தீவில் நோய் கண்டு செத்தார். ஆவோமோரி நகரம் குண்டு விழுந்து எரிந்தபோது மகனுக்கு ஒன்பது வயது. அப்புறம் அம்மா அமெரிக்கப் படைத்தளத்தில் வேலைக்குப் போனார். அந்தப் பையன் வளர்ந்து அதே தீக்குச்சி, அதே பனி, அதே தாய்நாடு மூன்றையும் எடுத்து, முன்னவர் பார்த்த இடத்தில் ஒரு கேள்வியை வைக்கிறான். தாய்நாட்டுக்காகச் செத்தவர்களின் தலைமுறை எழுதிய வரியை அப்பனை இழந்த தலைமுறை திருப்பிக் கேட்கிறது. புதிதாக வேறு சொற்களில் எழுதியிருந்தால் இந்த அடி விழுந்திருக்காது.

பழைய பாட்டின் அடியை எடுத்துத் தன் பாட்டில் வைப்பது ஜப்பானியக் கவிதையில் பல நூற்றாண்டு வழக்கம் வேறு.

இரண்டாம்ஆட்டம்:

அழகான வாசிப்பு, மறுக்கவில்லை. ஆனால் பழைய வழக்கத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. மூலப்பாட்டு எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கேட்பவனுக்கு 'ஓ, அந்தப் பாட்டு' என்று உறைக்க வேண்டும். 1954இல் ஒரு போட்டிக்கு ஐம்பது கவிதை அனுப்பிய பதினெட்டு வயதுப் பையன் அப்படி நினைத்தா அனுப்பினான்? நடுவருக்கே உறைக்கவில்லை. தேர்ந்தெடுத்த ஹிதேயோ நகாய் பிறகு உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியதாயிற்று. எல்லோருக்கும் தெரிந்ததை எடுத்தால் மரியாதை. யாருக்கும் தெரியாது என்று நம்பி எடுத்தால் அதற்கு வேறு பெயர்.

மின்விசிறி:

நீங்கள் இருவரும் கவிதையிலேயே மூழ்கிவிட்டீர்கள். சண்டைக்கதையை யாரும் சொல்லவில்லையே!

1969. டோக்கியோவின் ஷிபுயாவில் தென்ஜோ சாஜிகி தன் சொந்தக் கட்டடத்தைத் திறக்கிறது. போட்டிக் குழுக்காரர் ஜூரோ காரா வாழ்த்து மலர்வளையம் அனுப்புகிறார், பச்சிங்கோ சூதாட்டக் கடை வாசலில் நின்ற பழைய வளையம். சில மாதம் கழித்துக் காராவின் குழு நாடகம் போடும்போது தெராயமா பதிலுக்கு அனுப்பியது சவ அடக்கத்துக்கு வைக்கிற வளையம். டிசம்பரில் காரா தன் ஆட்களோடு ஷிபுயா கட்டடத்துக்கு வந்துவிட்டார். அடிதடி. போலீஸ் வந்து இரண்டு பக்கத்தையும் அள்ளிக்கொண்டு போனது, இரண்டு இயக்குநர்களும் உட்பட.

அந்தக் காலத்து டோக்கியோ 'அண்டர்கிரவுண்ட்' நாடக இயக்கம் இதுதான். இவர்களுக்குள் ஒழுக்கம் தேடுகிறீர்கள்.

ப்ரொஜக்டர்அறை:

சுயசரிதைப் பொய் என்ற குற்றச்சாட்டுக்குப் பதில் 'கிராமத்தில் சாவது' படத்திலேயே இருக்கிறது. இரண்டாம்ஆட்டம் அந்தப் படத்தைக் கடைசிவரை பார்த்தாரா என்றே சந்தேகமாக இருக்கிறது.

முதல் பாதி முழுக்க ஓர் இளம்பருவக் கதை. அம்மாவோடு இருக்கும் பையன், ஊருக்கு வரும் சர்க்கஸ், ஆவிகளோடு பேசும் பெண்கள் இருக்கிற ஒஸோரே மலை, பக்கத்து வீட்டுக்கு மணமாகி வந்த பெண்ணோடு ஓடிப்போகத் திட்டம். பையன் முகத்தில் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளை. வானவில் நிறத்தில் காட்சிகள். 'ஆகா, என்ன அழகான நினைவு' என்று நாம் உருகும் நேரத்தில் படம் அறுந்து, ஒரு திரையிடும் அறைக்குள் விளக்கு எரிகிறது. இதுவரை பார்த்தது ஓர் இயக்குநர் எடுத்துக்கொண்டிருக்கும் படத்தின் பாதி. அவரால் முடிக்க முடியவில்லை, ஏனென்றால் அதெல்லாம் பொய், ஒப்பனை போட்டுவிட்ட ஞாபகம். பிறகு அந்த மனிதர் தன் பதின்வயதையே நேரில் சந்திக்கிறார். அம்மாவைக் கொன்றால் தன் கதை மாறுமா என்று யோசிக்கிறார்.

கடைசிக் காட்சி. ஓட்டு வீடு, தாழ்ந்த மேசை, அம்மாவும் வளர்ந்த மகனும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். மகன் கொலை செய்யவில்லை. சட்டென்று பின்சுவர் அப்படியே சாய்ந்து விழுகிறது. பின்னால் டோக்கியோவின் ஷின்ஜுகு ரயில் நிலையத்து முன்னாலுள்ள நாற்சந்தி! வண்டி, விளம்பரப் பலகை, தெருவைக் கடக்கும் கூட்டம். இவர்கள் இரண்டு பேரும் நடுத்தெருவில் சோறு சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

'இது என் உண்மைக் கதை' என்று ஏமாற்றுகிறவன் சுவரைத் தள்ளிக் காட்டுவானா? ஞாபகம் எப்படிப் பொய் சொல்கிறது என்பதுதான் படத்தின் பொருளே. அதை எடுத்தவரிடம் போய் 'நீ பொய் சொன்னாய்' என்றால் என்ன செய்வது?

இரண்டாம்ஆட்டம்:

பார்த்தேன் ஐயா, கடைசி வரை பார்த்தேன். அந்தச் சுவர் விழும் காட்சிக்கு நான் எழுந்து நின்றே கைதட்டுவேன். ஆனால் அவருடைய அம்மா ஹாட்சு அந்தப் படம் வந்தபோது உயிரோடு இருந்தார். மகன் செத்த பிறகும் எட்டு ஆண்டு இருந்தார். கவிதையில் செத்த அம்மா, படத்தில் கொல்லலாமா என்று யோசிக்கப்படும் அம்மா. கவிதையில் ஒரு தம்பி வேறு வருகிறான், புதுப் பூசை மாடம் வாங்கப் போனவன் காணாமல் போகிறான். தெராயமா ஒரே பிள்ளை! இல்லாத தம்பியை எப்படி வேண்டுமானாலும் தொலைத்துக்கொள்ளட்டும், யாருக்கும் வலிக்காது. இருக்கிற அம்மாவை?

நெய்தல்:

அம்மாவைப் பற்றி எழுதுகிற எழுத்தாளர்கள் எல்லோரையும் இந்தக் கூண்டில் ஏற்றினால் நூலகத்தில் பாதி அலமாரி காலியாகிவிடும்.

தாழம்பூ:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் நாடகத்தில் நடிக்கிறவள், அதனால் எனக்கு வரிகளைவிட உடம்புகள் முக்கியம்.

தென்ஜோ சாஜிகி முதலில் ஆள் எடுக்க விளம்பரம் கொடுத்தபோது என்ன கேட்டார்கள் தெரியுமா? விநோத நடிகர்கள், குள்ளர்கள், ராட்சத உருவம் கொண்டவர்கள், அழகிகள். முதல் நாடகமே 'ஆவோமோரி மாகாணத்துக் கூனன்', 1967 ஏப்ரல். பழைய திருவிழாக்களில் காசு வாங்கிக்கொண்டு மாற்றுடல்களைக் காட்சி வைக்கும் கொட்டகைகள் இருந்தன. அதை மீட்டெடுக்கிறோம் என்று வெளிப்படையாகவே சொன்னார்.

இதில் எனக்கு இரண்டு மனம். அன்றைய ஜப்பானிய நவீன நாடகம் என்றால் இப்சன், செகாவ் மொழிபெயர்ப்பு, மூக்கு நீட்டி ஒப்பனை, சுத்தமான உச்சரிப்பு. அந்த மேடையில் இடமே கிடைக்காத உடம்புக்கும் ஆவோமோரி வட்டாரப் பேச்சுக்கும் இங்கே இடம் கிடைத்தது. அது பெரிய விஷயம். அகிஹிரோ மாருயாமா பெண் வேடத்தில் 'மயிர்த்தோல் மேலாடை மேரி'யாக நின்றதை இன்றும் பேசுகிறார்கள், மிவா என்ற பெயரில் பிற்காலத்திலும் அவர் அந்தப் பாத்திரத்தை விடவில்லை. ஆனால் வேடிக்கைப் பொருளாக மேடையேறுவதும் நடிகராக மேடையேறுவதும் ஒன்றில்லை. விளம்பரத்தில் உயரத்தைத்தான் கேட்டார், திறமையைக் கேட்கவில்லை.

அதைக்கூட விட்டுவிடுகிறேன். வளர்ந்தவர்கள், தெரிந்தே வந்தார்கள். 'தக்காளி கெச்சப் சக்கரவர்த்தி' படத்தை என்ன செய்வது? சிறுவர்கள் புரட்சி செய்து பெரியவர்களை வேட்டையாடும் கதை. அதில் குழந்தைகளை எந்த மாதிரிக் காட்சிகளில் நிறுத்தினார் என்பது இங்கே பலருக்குத் தெரியும், நான் விவரிக்கப் போவதில்லை. நெய்தலும் ப்ரொஜக்டர்அறையும் இதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும்.

ப்ரொஜக்டர்அறை:

அதை நான் ஆதரிக்கவில்லை. காலம் அப்படி என்று சாக்குச் சொல்லவும் மாட்டேன்.

நெய்தல்:

நானும் அந்தக் காட்சிகளை ஆதரிக்க மாட்டேன். ஆனால் படத்தின் எண்ணத்தைச் சொல்லியாக வேண்டும். அதில் குழந்தைகள் ஆட்சிக்கு வந்ததும் பெரியவர்களைப் போலவே கொடுங்கோலர்கள் ஆகிறார்கள். 1971 என்றால் மாணவர் போராட்டம் தோற்று, இளைஞர் புரட்சி என்ற கனவு புளித்துப்போன நேரம். அதை நையாண்டி செய்த படம் அது.

தாழம்பூ:

சரி, எண்ணத்தைப் பற்றியே பேசுவோம். இதே கருவை அவர் 1960இலேயே செய்திருக்கிறார், 'பெரியவர் வேட்டை' என்ற வானொலி நாடகமாக. குழந்தைகள் கலகம் செய்துவிட்டதாக நேரடிச் செய்தி போல ஒலிபரப்பி, கேட்டவர்கள் மத்தியில் பெரிய அமளியே ஆயிற்று. அங்கே கலகம் முழுக்கக் குரலில் நடந்தது. ஒரு குழந்தையையும் எந்தக் காட்சியிலும் நிறுத்த வேண்டியிருக்கவில்லை. நையாண்டி குறைந்ததா? பயம்தான் கூடியது!

ஆக, படத்தில் அந்தக் காட்சிகள் கருத்துக்குத் தேவைப்பட்டன என்ற வாதத்தை அவருடைய பழைய வேலையே உடைக்கிறது. பதினொரு ஆண்டுக்கு முன் சத்தத்தை மட்டும் வைத்துச் சாதித்தவர், கேமரா கையில் வந்ததும் வேறு மாதிரி ஆனார். கேமராவுக்கு முன்னால் நின்ற சிறுவனிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்க முடியாது, கேட்டிருந்தாலும் செல்லாது. எனக்கு இதில் பேச வேறு ஒன்றுமில்லை.

மட்டுறுத்துநர்:

ஒரு குறிப்பு. மேலே சொன்ன படத்தின் சுட்டியையோ படங்களையோ இங்கே போடக்கூடாது. போட்ட ஒன்றை நீக்கியிருக்கிறேன். விவாதம் தொடரட்டும், ஆளைத் திட்டாமல்.

இரண்டாம்ஆட்டம்:

தாழம்பூ சொன்னது என் முதல் பதிவில் நான் தடவித் தடவிச் சொன்னதைவிடத் தெளிவு. சம்மதம்தான் விஷயம். அதை 'நாக்' நாடகத்துக்குக் கொண்டு வருகிறேன்.

1975 ஏப்ரல், டோக்கியோவின் சுகினாமி பகுதி. முப்பது மணி நேரத் தெரு நாடகம். டிக்கெட் வாங்கியவர்களுக்கு ஒரு வரைபடம். எந்தச் சந்தில் எப்போது என்ன நடக்கும் என்று தேடிக்கொண்டு அலைய வேண்டும். பொதுக் குளியல் கூடத்தில் குளித்துக்கொண்டிருப்பவர்களுக்கு நடுவில் நடிகர்கள் ஆட்டத்தைத் தொடங்குகிறார்கள். அடுக்குமாடி வீட்டில் கதவு தட்டப்படுகிறது. திறந்தால் உடம்பெல்லாம் கட்டுத்துணி சுற்றிய ஆள் நிற்கிறான். போலீசுக்குப் புகார் போனது. போகாமல்?

வரைபடம் வைத்திருந்தவனுக்கு அது நாடகம். கதவைத் திறந்த அம்மாவுக்கு அது என்ன? அவர் பார்வையாளர்கூட இல்லை, செலவில்லாமல் கிடைத்த அரங்கப் பொருள். ஒரு நாற்காலியைக் கொண்டு வந்து போட்டதுபோல அவரை நாடகத்தில் போட்டார்கள். நாற்காலிக்காவது வாடகை உண்டு.

நெய்தல்:

இந்த இடத்தில்தான் நான் தெராயமா பக்கம் அழுத்தமாக நிற்கிறேன். முப்பது ஆண்டுக்கு முன் அதே ஊர்க்காரர்களின் வீட்டுக் கதவைத் தட்டி அரசாங்கம் பிள்ளையைப் போருக்குக் கூட்டிப் போயிற்று. அப்போது யார் சம்மதம் கேட்டார்கள்? 1970களில் அதே ஜனங்கள் அடுக்குமாடி, தொலைக்காட்சி, பூட்டிய கதவு என்று செட்டிலாகிவிட்டார்கள். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. அந்தக் கதவைத் தட்டிப் பார்ப்பதைத்தான் அவர் நாடகம் என்றார். அரங்கத்தில் ஐந்நூறு பேருக்கு முன்னால் 'சமூகம் உறங்குகிறது' என்று வசனம் பேசுவது சுலபம், யாரும் புகார் கொடுக்க மாட்டார்கள். புகார் வந்ததால்தான் 'நாக்' இன்னும் பேசப்படுகிறது.

மின்விசிறி:

நெய்தல், அரசாங்கம் கேட்காமல் தட்டியது, அதனால் நானும் கேட்காமல் தட்டுகிறேன் என்பது என்ன நியாயம்? அடித்தவன் ஒருத்தன், அடி வாங்குகிறவர் மறுபடி அதே வீட்டுக்காரரா?

ப்ரொஜக்டர்அறை:

மின்விசிறி முதல்முறையாகப் பொருளோடு பேசியிருக்கிறார், ஆண்டவனுக்கு நன்றி.

நான் இரண்டையும் பிரித்துப் பார்க்கிறேன். டிக்கெட் வாங்கி உள்ளே வந்தவனை என்ன செய்யலாம் என்பதில் தெராயமாவை மிஞ்ச ஆளில்லை. 'குருடனின் கடிதம்' நாடகத்தில் அரங்கை முழு இருட்டாக்கிவிட்டுப் பார்வையாளர் கையில் தீக்குச்சிகளைக் கொடுத்தார். பார்க்க வேண்டுமானால் நீயே உரசிக்கொள். எதற்கு உரசுவது, எப்போது உரசுவது, பக்கத்தில் இருப்பவன் வெளிச்சத்தில் ஓசியாகப் பார்க்கலாமா, எல்லாம் நீ முடிவு செய்ய வேண்டும். (நெய்தல் சொன்ன கவிதையின் தீக்குச்சி மறுபடி வருகிறது, கவனித்தீர்களா?)

'விசாரணை' என்று 1975இல் ஒரு படம். முழுக்க ஆணி. தெருவில் ஆணி அடிக்கிறான், புத்தகத்தில் அடிக்கிறான், ராட்சத ஆணியைச் சுமந்து போகிறான். கடைசியில் திரை வெறும் வெள்ளையாகிவிடும். திரை மரப்பலகையால் செய்தது. பார்க்க வந்தவர்கள் எழுந்து போய்ச் சுத்தியலை எடுத்து ஆணி அடிக்க வேண்டும். அடிக்க அடிக்கத்தான் படம் முடியும். 'லோரா'வில் திரையில் இருக்கும் பெண்கள் பார்வையாளர்களைக் கேலி செய்வார்கள். கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து போய்த் திரைக்குள்ளேயே நுழைவார், உள்ளே அவர் ஆடையை உரித்து வெளியே துரத்துவார்கள். திரையில் கீறல் விட்டு, நடிகரை நேரம் பார்த்து உள்ளே அனுப்பும் வித்தை. நேரம் ஒரு நொடி பிசகினால் அத்தனையும் சிரிப்பாகிவிடும்.

இதில் யாருக்கு நஷ்டம்? எழுந்து போக விரும்பாதவன் உட்கார்ந்திருக்கலாம். சுகினாமியில் அந்த வசதி இல்லை, அங்கே இரண்டாம்ஆட்டம் சொல்வது சரி. ஆனால் ஒன்றை வைத்து இன்னொன்றையும் தூக்கிப்போடக் கூடாது.

இரண்டாம்ஆட்டம்:

இந்தப் பிரிவினை எனக்கும் சம்மதமே, தெராயமாவுக்குத்தான் சம்மதம் இருக்காது. அரங்கத்துக்கு உள்ளே வெளியே என்ற கோட்டை அழிப்பதுதான் தன் வாழ்நாள் வேலை என்று நினைத்தவர் அவர். நீங்கள் அவரைக் காப்பாற்ற அந்தக் கோட்டை மறுபடி போடுகிறீர்கள்.

1980 ஜூலை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஷிபுயாவில் ஒரு குடியிருப்பு வளாகத்துக்குள் அத்துமீறி நுழைந்ததாகக் கைது செய்தார்கள். எட்டிப்பார்க்கப் போனார் என்று பத்திரிகைகள் தலைப்புப் போட்டன. கோடு அழிந்ததன் விளைவு.

நெய்தல்:

அதைத் தலைப்பாகப் போட்ட பத்திரிகைகளை நம்பி ஒருவருடைய வேலையை எடை போட வேண்டாம். ஓர் இரவு நடந்ததையும் பதினாறு ஆண்டு நாடகத்தையும் ஒரே தட்டில் வைக்கிறீர்கள். அவர் தப்பு செய்திருந்தால் அது தப்பு, அழகியல் கொள்கை ஆகாது.

நீங்கள் யாரும் பேசாத இன்னொரு பக்கம் உண்டு. 'புத்தகங்களை வீசி எறி' படத்துக்கு முன்னால் 1968இல் அதே பெயரில் மேடை நிகழ்ச்சி. மேடையில் நின்றவர்கள் தொழில்முறை நடிகர்கள் இல்லை, பதின்வயதுப் பையன்களும் பெண்களும். மாணவர் பத்திரிகைகளுக்கு அவர்கள் அனுப்பிய கவிதைகளைத் தெராயமா தேர்ந்தெடுப்பார், அவர்களை அழைத்து வந்து அவரவர் கவிதையை அவரவர் வாயாலேயே சொல்ல வைத்தார். ஆவோமோரியில் பெரிய மாமா நடத்திய சினிமாக் கொட்டகையில் வளர்ந்த பையன், தன்னைப் போன்ற ஊர்ப்புறத்துப் பிள்ளைகளுக்கு டோக்கியோ மேடையைத் திறந்துவிட்டார். அடுத்தவர் வரியை எடுத்தார் என்று சொன்னீர்களே, இங்கே வரியும் உடம்பும் அவர்களுடையவை. பெயரும் அவர்களுடையது.

இரண்டாம்ஆட்டம்:

வீட்டை விட்டு ஓடு என்று புத்தகம் எழுதியவரும் அவரேதான், 1963இல். படித்துவிட்டு நிஜமாகவே ஓடிவந்த பிள்ளைகள் குழுவின் வாசலில் வந்து நின்றார்கள். அவர்களில் கொஞ்சம் பேருக்கு மேடை கிடைத்தது. மற்றவர்கள்?

தாழம்பூ:

அந்தக் கேள்வியை நான் அவ்வளவு சுலபமாகக் கேட்க மாட்டேன், அண்ணா. வீட்டில் மூச்சு முட்டும் பெண்ணுக்கு 'கிளம்பு' என்று ஒருவர் எழுதுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியிலிருந்து தெரியாது. அவர் அம்மாவை மேடையிலும் திரையிலும் கொன்றதைக்கூட நான் அப்படித்தான் படிக்கிறேன், வீட்டை விட்டுப் போக முடியாதவரின் கத்தல். எனக்கு அவர் மேல் இருக்கிற கோபம் ஒரே படத்தைப் பற்றியது. மற்ற வேலைகளில் நான் நிறையக் கற்றிருக்கிறேன்.

அதோடு, 'அவர் செய்தார், அவர் செய்தார்' என்று எழுதுகிறீர்கள். எய்கோ குஜோ எங்கே? அவருடைய மனைவி, குழுவைச் சேர்ந்து தொடங்கியவர். 1970இல் விவாகரத்து ஆன பிறகும் குழுவின் கணக்கு வழக்கு, வெளிநாட்டுப் பயணம் எல்லாவற்றையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். நான்சி, ஆம்ஸ்டர்டாம், ஷிராஸ், நியூயார்க் என்று ஊர் ஊராக ஒரு கூட்டத்தையே ஏற்றி இறக்க ஒருவர் வேண்டுமே? ஜே. ஏ. சீஸர் இசை இல்லாமல் அந்த நாடகங்களில் பாதி நிற்காது. தெராயமா செத்ததும் குழு கலைந்தது, சீஸர் அதே 1983இல் வேறு குழு தொடங்கினார். 1997இல் 'புரட்சிப் பெண் உதேனா' அனிமேயில் வாள்சண்டைக் காட்சிகளுக்குப் பின்னால் கேட்கிற அந்த விநோதக் கூட்டுப்பாட்டு அவருடையது. தெராயமா பெயரே கேள்விப்படாதவர்கள் அதைக் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள்.

மின்விசிறி:

உதேனாவா! அதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் நான் ஒழுங்காக உட்கார்ந்து படித்திருப்பேன்.

நானும் ஒன்று சொல்கிறேன். 1970 தொடக்கத்தில் 'நாளைய ஜோ' என்ற குத்துச்சண்டைப் படக்கதையில் (மங்கா) ரிகிஇஷி என்ற எதிராளி செத்துவிட்டான். கற்பனைப் பாத்திரம். அவனுக்குத் தெராயமா மார்ச்சில் நிஜமாகவே இறுதிச் சடங்கு நடத்தினார், கோதன்ஷா பதிப்பகத்தில். உள்ளே குத்துச்சண்டை மேடை, மந்திரம் ஓத பௌத்தத் துறவி, பத்து எண்ணி மணி. நூற்றுக்கணக்கான வாசகர்கள் வந்து துக்கம் அனுசரித்தார்கள். யாரையும் ஏமாற்றவில்லை, யார் கதவையும் தட்டவில்லை. எல்லோருக்கும் அது பொய் என்று தெரியும், இருந்தும் அழுதார்கள். இரண்டாம்ஆட்டத்தின் வழக்கில் இதை எங்கே வைப்பீர்கள்?

இரண்டாம்ஆட்டம்:

வைக்க இடமில்லை. அதுதான் அவர் செய்ததிலேயே சிறந்த நாடகம் என்று நினைக்கிறேன். அழைப்பு இருந்தது, விரும்பியவர்கள் வந்தார்கள்.

ப்ரொஜக்டர்அறை:

பிற்காலப் படங்களைப் பற்றி யாரும் பேசவில்லை, நல்லதுதான். 1977இல் தோயி நிறுவனத்துக்கு எடுத்த 'குத்துச்சண்டைக்காரன்' ஒழுங்கான வணிகப்படம், புன்தா சுகவாரா நடித்திருக்கிறார், ஒருமுறை பார்க்கலாம். 1981இல் பிரெஞ்சுத் தயாரிப்பில் கிளாஸ் கின்ஸ்கியை வைத்து எடுத்ததை விட்டுவிடுங்கள், செலவு தெரிகிறது, அவரைக் காணோம். 1979இல் வந்த 'புல் புதிர்வழி' மட்டும் முக்கியம், நாற்பது நிமிடம்தான்.

கடைசியாக ஒரு நாடகம். 'லெமிங்ஸ்', 1979. அடுக்குமாடி வீட்டில் இருக்கும் ஒரு சமையல்காரனின் அறைச் சுவர் ஒருநாள் காணாமல் போய்விடுகிறது. பக்கத்து வீடு, தெரு, யார் யாருடைய கனவோ எல்லாம் அறைக்குள் வர ஆரம்பிக்கிறது. அவன் சுவரைத் தேடி அலைகிறான். தெராயமா இறப்பதற்கு முன் குழு மறுபடி மேடையேற்றியதும் இதைத்தான். 'கிராமத்தில் சாவது' படத்தில் சுவர் விழுந்தபோது நமக்கு ஆச்சரியம். இதில் சுவர் போனவனின் பயம். 'நாக்' நடந்து நான்கே ஆண்டில், கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பவனின் நாடகத்தை அவரே எழுதியிருக்கிறார். இதற்கு என்ன சொல்கிறீர்கள் இரண்டாம்ஆட்டம்?

இரண்டாம்ஆட்டம்:

சுவர் போனவனின் பயம் என்னவென்று அவருக்குத் தெரியும் என்று சொல்கிறேன். 1979இல் தெரிந்திருந்தவர் அடுத்த ஆண்டு ஷிபுயா வளாகத்துக்குள் நுழைந்தார். தெரியாமல் செய்தார் என்ற ஒரே சாக்கையும் நீங்களே எடுத்துவிட்டீர்கள்.

நெய்தல்:

அல்லது, 'நாக்' போட்டதால்தான் அவருக்கு அந்தப் பயம் புரிந்தது, புரிந்ததால்தான் 'லெமிங்ஸ்' வந்தது. கதவைத் தட்டாதவர் அதை எழுதியிருக்க முடியாது.

தாழம்பூ:

சுகினாமியில் கதவு திறந்த அம்மா டிக்கெட் வாங்கி 'லெமிங்ஸ்' பார்க்கப் போயிருந்தால் யார் பக்கம் நின்றிருப்பார் என்று நினைக்கிறீர்கள், நெய்தல்? இலவச டிக்கெட்டாவது கொடுத்திருக்கலாம் அவருக்கு.